ராஜா அனுப்பிய வெற்றுத்தாள்: சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்க்கை



நம்ம பாடாலூர் வழியாகப் போகிற திருச்சி - சென்னை சாலையில் இன்றைக்கு இராப்பகலாக லாரிகள் ஓடுகின்றன. சுமார் 270 வருஷங்களுக்கு முன்னே இந்தப் பக்கம் உருண்டு போனது பீரங்கி வண்டிகள். 1751, 1752 ஆகிய வருஷங்களில் பக்கத்து ஊட்டத்தூரிலும் வாலிகண்டபுரத்திலும் சண்டை நடந்தது. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். மறுபக்கம் முகம்மது அலி நவாபும் இங்கிலீஷ் கம்பெனியும். ரஞ்சன்குடிக் கோட்டை இன்றைக்கும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. சண்டை என்றால் அந்தக் காலத்தில் சிப்பாய்கள் மட்டும் சாகிற காரியமல்ல. பட்டாளம் போகிற வழியெல்லாம் மாட்டைப் பிடிப்பான், வைக்கோலைப் பிடிப்பான், குதிரில் இருக்கிற நெல்லையும் அள்ளுவான். ஜெயிக்கிறவன் யாரானாலும் பட்டினி கிடப்பது குடியானவன்தான்.

ஏறக்குறைய ஐம்பது வருஷம் தமிழ் நாடு இப்படியே கிடந்தது. இன்றைக்கு யார் ராஜா, நாளைக்கு யாருக்கு வரி, யார் சொல்கிற வாக்கை நம்புவது, ஒன்றும் தெரியாது. நவாபு கம்பெனியை நம்பவில்லை. கம்பெனி தஞ்சாவூர் ராஜாவை நம்பவில்லை. ஹைதர் அலி ஒருவரையும் நம்பவில்லை. ஜனங்களோ இவர்களில் யாரையுமே நம்பவில்லை. இப்படிப்பட்ட காலத்திலே இத்தனை பேரும் நம்பின ஒரு மனுஷன் இருந்தார். அவர் ராஜா அல்ல, தளபதி அல்ல. தமிழ்க் கிறிஸ்தவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் என்ற மிஷனெரிதான்.

அவர் லுத்தரன் சபைக் குருவானவர். அவர்கள் ஆராதனைக்கும் நம்முடைய ஆராதனைக்கும் வித்தியாசம் உண்டு. அதை இங்கே பேச வரவில்லை. ஒரு மனுஷனுடைய வாக்கை ஜனங்கள் ஏன் நம்பினார்கள் என்பதே இப்போது பார்க்கவேண்டிய விஷயம்.

1726 அக்டோபரில் பிரஷ்ய தேசத்துச் சோனன்பர்க் என்ற சிறு ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே தாயார் இறந்துபோனார்கள். மரணப்படுக்கையில் இந்தப் பிள்ளையை ஊழியத்துக்கென்று ஒப்புக்கொடுத்துவிட்டுப் போனார்கள். வாலிபத்தில் ஹாலே பட்டணத்துக்குப் படிக்கப் போனார். அங்கே, இந்தியாவில் ஊழியம் செய்து திரும்பியிருந்த ஷுல்ட்ஸ் ஐயர் தமிழ் வேதாகமத்தை அச்சிட ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு உதவியாகத் தமிழ் படிக்கத் தொடங்கினதுதான் சுவார்ட்ஸின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1749-ல் கோப்பன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். வந்த நாலு மாதத்தில் தமிழில் முதல் பிரசங்கம் பண்ணினார்! அதன்பிறகு 48 வருஷம். ஒருமுறைகூட சொந்த தேசத்துக்குத் திரும்பவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை.

தரங்கம்பாடியில் பன்னிரண்டு வருஷம் இருந்ததைப் பற்றி அதிகம் சொல்ல இடமில்லை. 1762-ல் திருச்சிக்கு வந்த பிறகுதான் அவர் பெயர் ஊருக்குள் பரவியது.

திருச்சிக் கோட்டைக்குள்ளே ஒரு பழைய கட்டிடத்தில் அவருக்கு ஒரு அறை கிடைத்தது. படுக்கை போட்டால் அவர் நிற்க இடம் மிஞ்சும், அவ்வளவுதான். கொஞ்சம் உயரமானவர் உள்ளே வந்தால் தலை முட்டும். சாப்பாடு நம்ம ஊர்ச் சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் போட்ட பருத்தித் துணி. வருஷத்துக்கு 48 பவுண்டு வருமானத்தில் இப்படி ஜீவித்தார். அந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ஒவ்வொரு அதிகாரியும் நாலே வருஷத்தில் ஐசுவரியவானாகக் கப்பலேற நினைத்த காலம் அது. ஜனங்கள் பார்க்காமலா இருப்பார்கள்? இந்தத் துரை எதற்கு வந்தான், என்ன எடுத்துக்கொண்டு போவான் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இவர் ஒன்றையும் எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பல வருஷம் ஆயிற்று. நம்பிக்கை என்பது ஒரு கூட்டத்தில், ஒரு ராத்திரியில் வருகிற காரியமல்லவே.

1760-களின் தொடக்கத்தில் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து அநேகர் மாண்டுபோனார்கள். திக்கற்றுப்போன பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். 1764-ல் மதுரையில் யூசுப் கானுக்கு விரோதமாக நடந்த முற்றுகையில் காயம்பட்டவர்களையும் வியாதியஸ்தர்களையும் கவனித்தார். அதற்காக நவாபு கொடுத்த பணமும் அந்த அனாதைப் பிள்ளைகளுக்கே போனது. 1766-ல் மலைக்கோட்டைப் பக்கத்தில் கிறிஸ்து ஆலயம் எழும்பியது. திருச்சிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் தெப்பக்குளம் பக்கம் அதை இன்றைக்கும் பார்க்கலாம். இதற்கிடையே தமிழோடு நிற்காமல், இஸ்லாமியரோடு பேச இந்துஸ்தானி, நவாபு தர்பாரில் பேசப் பாரசீகம், பிறகு தஞ்சாவூர் ராஜ குடும்பத்துக்காக மராத்தி என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். ஒவ்வொருவரிடமும் அவரவர் பாஷையில் நேருக்கு நேர் பேசினார். துபாஷி நடுவில் இல்லை. துபாஷி இல்லாததினால் சொன்ன வார்த்தை மாறவில்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். அந்தக் காலத்து அரசியலில் பாதி வஞ்சகம் மொழிபெயர்ப்பில்தான் நடந்தது என்பதை யோசித்தால் சின்னதல்ல.

ஹைதர் அலியிடம்

1778-ல் தஞ்சாவூரில் குடியேறினார். மறுவருஷமே ஒரு பெரிய சோதனை வந்தது. சென்னை கவர்னர் தாமஸ் ரம்போல்ட் கூப்பிட்டனுப்பினார். மைசூருக்குப் போய் ஹைதர் அலியைச் சந்தித்து, சமாதானத்தைப் பற்றிப் பேசி, அவருடைய மனதை அறிந்து வரவேண்டும் என்றார். ஹைதரே கம்பெனியாரின் மற்றத் தூதர்களை நம்பாமல், அந்தக் கிறிஸ்தவரை அனுப்பினால் பேசலாம், அவர் ஏமாற்றமாட்டார் என்ற கருத்தில் சொல்லியனுப்பினதாகச் சொல்லப்படுகிறது.

ஒரு ஊழியர் இந்த வேலைக்குப் போகலாமா? அவருக்கே தயக்கம் இருந்தது. ஆனாலும் ஒரு யுத்தத்தைத் தடுக்க முடியுமானால் தடுக்கவேண்டும் என்று ஜூலையில் புறப்பட்டார். உபதேசியார் சத்தியநாதன் கூடப் போனார். கருர் வழியாக மலையேறி ஆகஸ்ட் 25-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார்கள். அங்கே கண்டதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். மழையில் பாலம், சாலை பழுதானால் ஹைதரின் ஆட்கள் ஒரு நாளும் தாமதிக்காமல் சரிபண்ணுவதைப் பார்த்து மெச்சினார். கர்நாடகப் பக்கத்தில் வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் இடிந்துபோக விட்டுவிடுகிறார்கள் என்றும் வெளிப்படையாக எழுதினார். வரி வசூலில் தவறினவர்களுக்கு விழுந்த சவுக்கடியையும் மறைக்கவில்லை. அனுப்பினவனுக்குப் பிரியமானதை மட்டும் எழுதுகிற தூதன் அல்ல அவர்.

புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். வேண்டாம் என்றார். வாங்காவிட்டால் நவாபுக்கு அவமானம் என்று அங்கிருந்தவர்கள் வற்புறுத்தினார்கள். வாங்கிக்கொண்டு வந்து, முழுத் தொகையையும் சென்னை அரசாங்கத்தின் முன்னே வைத்துவிட்டார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்ன பிறகே, தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதை முதலாகப் போட்டார்.

தூது பலித்ததா? இல்லை. உள்ளதைச் சொல்லவேண்டும். கம்பெனி உடன்படிக்கையை எங்கெங்கே மீறினது என்று ஹைதர் பட்டியல் போட்டு அனுப்பினார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. கம்பெனியாருக்கு உண்மையான சமாதான நோக்கம் இருந்ததா, அல்லது இவருடைய நல்ல பேரைத் திரையாகப் பயன்படுத்தினார்களா என்ற சந்தேகம் சரித்திரக்காரர்களுக்கு உண்டு. நமக்கும் வருகிறது. நல்ல பேர் எடுத்தவனைப் பெரிய மனுஷர் தங்கள் காரியத்துக்கு இழுப்பது இன்றைக்கும் நடக்கிறதே! 1780 ஜூலையில் ஹைதரின் சேனை மலையிறங்கி வந்தது. தமிழ் நாடு எரிந்தது.

ஆனால் பாருங்க, அந்தச் சண்டையின் நடுவிலும் ஹைதர் தன் அதிகாரிகளுக்கு ஒரு கட்டளை கொடுத்திருந்தார். அந்தப் பாதிரியாரை எங்கேயும் தடுக்காதேயுங்கள், அவர் நமக்குத் தீங்கு நினைக்கமாட்டார் என்பதே அதன் சாரம். இரண்டு சேனைகளுக்கும் நடுவே அவர் தடையில்லாமல் போய்வந்தார். தூது தோற்றது, தூதன் பேரில் இருந்த நம்பிக்கை தோற்கவில்லை. ஹைதர் 1782-ல் இறந்தார். 1783-ல் திப்புவிடம் போன சமாதானக் குழுவோடு சேரப் புறப்பட்டபோது, சத்தியமங்கலத்தில் திப்புவின் ஆட்கள் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகப்பன் நம்பினான் என்பதற்காக மகனும் நம்புவான் என்று எழுதிவைக்கவில்லை.

ஆயிரம் மாடுகள்

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வாழ்க்கையின் நடு மையம். நிதானமாகப் படியுங்கள்.

1781. தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் ஹைதரின் குதிரைப்படை. கோட்டைக்குள்ளே பட்டினி. சிப்பாய்கள் நின்ற இடத்தில் சுருண்டு விழுந்தார்கள். காலையில் எழுந்தால் தெருவோரமெல்லாம் பிணம். சுவார்ட்ஸ் முன்யோசனையாக, நெல் விலை மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். எகிப்தில் யோசேப்பு செய்ததை வாசித்தவர்தானே! அதைக்கொண்டு ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற முடிந்தது. ஒரு கோட்டைக்கே அது போதுமா?

கொடுமை என்னவென்றால், வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. கொண்டுவர மாடு இல்லை. மாடு இல்லாமலில்லை, மாட்டுக்காரர் வரவில்லை. ஏன் வரவேண்டும்? முன்பு ராஜாவின் ஆட்கள் கூப்பிட்டபோது வந்தார்கள். கூலி கிடைக்கவில்லை. கம்பெனி கூப்பிட்டது, அதுவும் கிடைக்கவில்லை. மாட்டையே பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. நம்ம பகுதியில் சின்ன வெங்காயம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, பணத்துக்காக மாதக்கணக்கில் நடையாக நடந்தவன் மறுபடியும் அந்த வியாபாரிக்கு ஏற்றுவானா? எத்தனை இனிப்பாகப் பேசினாலும் ஏற்றமாட்டான்.

அப்போது துளஜா ராஜா ஒரு உண்மையை ஒத்துக்கொண்டார். ராஜாக்கள் இப்படி ஒத்துக்கொள்வது அபூர்வம். தன் பேச்சுக்கும் மதிப்புப் போய்விட்டது, கம்பெனி பேச்சுக்கும் மதிப்புப் போய்விட்டது, சுவார்ட்ஸை ஜனங்கள் நம்புகிறார்களா என்று பார்க்கலாம் என்றார். ஜனங்களோடு எந்த உடன்படிக்கை வேண்டுமானாலும் பண்ணிக்கொள்ள அதிகாரம் கொடுத்து ஒரு வெற்றுத்தாளை அனுப்பினார். என்ன விலை, என்ன கூலி, என்ன நிபந்தனை, எதுவும் எழுதாத தாள்!

சுவார்ட்ஸ் நாலு திசைக்கும் கடிதம் அனுப்பினார். கூலியை என் கையாலேயே கொடுப்பேன், மாட்டைச் சத்துரு பிடித்துக்கொண்டால் அதற்கும் விலை கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன! உபதேசியார் ஒருவரையும் சபையார் சிலரையும் அவற்றோடு கிராமங்களுக்கு அனுப்பினார். குதிரைப்படை சுற்றித் திரிகிற காட்டு வழியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். 80,000 கலம் தானியம் கோட்டைக்குள்ளே வந்து சேர்ந்தது.

இதோடு முடித்தால் இது வெறும் சாகசக் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. ஆபத்து நீங்கினது. கோட்டை பிழைத்தது. இந்த நேரத்தில்தான் பெரியவர்களுக்கு ஞாபகமறதி வரும். சுவார்ட்ஸ் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் பேசின கூலியைக் கொடுத்தார். தன் கையில் இருந்தது போதாமல், தன்னிடம் இருந்த பிறர் பணத்தையும் போட்டுக் கொடுத்தார். மேலே சிறு வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மறுவருஷம், 1782-ல், கர்னல் பிரெய்த்வெயிட் தன் சேனை முழுவதோடும் சிறைப்பட்டார். மறுபடியும் கோட்டைக்கு ஆபத்து, மறுபடியும் தானியம் இல்லை. மறுபடியும் சுவார்ட்ஸ் கூப்பிட்டார். இந்தத் தடவை வாக்கு, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஜனங்கள் வந்துவிட்டார்கள். போன வருஷத்துக் கூலி அவர்கள் கைக்கு வந்திருந்தது.

யுத்தம் 1784-ல் ஓய்ந்தது. வரிக்கொடுமை ஓயவில்லை. ராஜாவின் மந்திரியாக இருந்தவருடைய கெடுபிடி தாங்காமல் 65,000 பேர் தஞ்சாவூர்ச் சீமையை விட்டே போய்விட்டார்கள். காவிரி ஓடுகிறது, வயல் தரிசாகக் கிடக்கிறது. இனி நியாயமாக நடத்துவேன் என்று ராஜா சொல்லியனுப்பினார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் சுவார்ட்ஸை எழுதச் சொன்னார்கள். எழுதினார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களும் பின்னாலே வந்தார்கள். ஜூனில் தொடங்கவேண்டிய விவசாயம், செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் தொடங்கவில்லை. உங்களுக்காக இராப்பகலாக உழைப்போம் என்று சொல்லி இறங்கினார்கள். அந்த வருஷ அறுவடை முந்தின வருஷத்தைவிட அதிகம்!

கம்பெனியார் அந்தச் சீமையின் நிர்வாகத்தைக் கவனிக்க ஏற்படுத்தின குழுவில் அவரையும் சேர்த்தார்கள். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். அடித்து மிரட்டி வசூலிக்கிற எந்த நடவடிக்கையிலும் தனக்குப் பங்கு கிடையாது என்றார்.

இவற்றையெல்லாம் அவர் தாமாகப் பெருமையாக எழுதிவைக்கவில்லை. 1793-ல் லண்டனில் ஒருவர் மிஷனெரிகளையும் தமிழ்க் கிறிஸ்தவர்களையும் கேவலமாகப் பேசினார். அதற்கு உத்தரவு சொல்ல 1794-ல் எழுதின கடிதத்தில்தான் ஆயிரம் மாடும் 7,000 பேரும் வெளியே வந்தன. அந்த மனுஷன் பழித்துப் பேசியிராவிட்டால் இது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இத்தனை நெருக்கமாகப் பழகியும் துளஜா ராஜா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. திரும்பி வந்த குடியானவர்களையும் அப்படி ஒரு நிபந்தனை போட்டு அவர் கூப்பிடவில்லை. நெல்லுக்குக் கூலி, கூலிக்கு நெல். விசுவாசத்தைத் தராசில் ஏற்றவில்லை. அவர் கையில் வளர்ந்தவர்கள் வேறு விதமாக வந்தார்கள். கூட மலையேறின சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். பாளையங்கோட்டையிலிருந்து பன்னிரண்டு வயதில் கூட்டிவந்த பையன்தான் பிற்காலத்து வேதநாயகம் சாஸ்திரியார்.

சரபோஜி

1787-ல் துளஜா ராஜா மரணப்படுக்கையில் பத்து வயது சரபோஜியைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸின் பொறுப்பில் ஒப்புவிக்கப் பார்த்தார். அரண்மனைப் பிள்ளையைத் தனியாகப் பொறுப்பேற்பது தன்னால் கூடாது, ராஜாவின் சகோதரர் அமர்சிங்கிடம் கொடுங்கள் என்று ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனை நன்மையாக முடியவில்லை. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கம்பெனி அமர்சிங்கை ராஜாவாக்கிற்று. அமர்சிங் பையனைப் படிப்பில்லாமல் அடைத்து வைத்தார். சுவார்ட்ஸ் சும்மா இருக்கவில்லை. சென்னைக்கு எழுதினார், மறுபடியும் எழுதினார். 1793-ல் பையனையும் துளஜாவின் மனைவிமாரையும் பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே கெரிக்கே ஐயரிடம் படிப்பு நடந்தது. தத்து செல்லும் என்பதற்கான சாட்சியங்களை அரசாங்கத்துக்கு எழுதி எழுதி அனுப்பினார்.

தீர்ப்பு சரபோஜிக்குச் சாதகமாக வந்தது. 1798 ஜூனில் அவர் சிங்காசனம் ஏறினார். சுவார்ட்ஸ் அதைப் பார்க்கவில்லை. அதே வருஷம் பிப்ரவரி 13-ல் தஞ்சாவூரில், 71-வது வயதில் நித்திரையடைந்துவிட்டார். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மிஷனுக்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்திருந்தார். சரபோஜி வந்து சரீரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, பொன் சரிகைத் துணியால் மூடினார் என்று எழுதியிருக்கிறார்கள்.

மறுவருஷமே, 1799-ல், கம்பெனி சரபோஜியிடமிருந்து சீமையின் நிர்வாகத்தை எழுதி வாங்கிக்கொண்டது. ராஜா என்ற பேரும் கோட்டையும் மிஞ்சின. அதில் மனமுறிந்து உட்காராமல், அந்த ராஜா சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெருக்கினார், பள்ளிக்கூடங்களை நடத்தினார்.

கம்பெனியார் 1807-ல் சென்னைக் கோட்டை புனித மரியாள் ஆலயத்தில் சுவார்ட்ஸுக்கு ஞாபகச் சின்னம் வைத்தார்கள். சரபோஜி தன் பங்குக்கு லண்டனில் ஃபிளாக்ஸ்மேன் என்ற சிற்பியிடம் சொல்லிப் பளிங்கில் ஒன்று செய்வித்தார். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் சிவகங்கைப் பூங்கா இருக்கிறது. 1779-ல் சுவார்ட்ஸ் கட்டின ஆலயம் அங்கேதான். அதற்குள்ளே அந்தப் பளிங்குச் சிற்பத்தைப் பார்க்கலாம். கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார், கெரிக்கே ஐயர் நிற்கிறார், பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். கட்டிலருகே நின்று கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சரபோஜி.